பிள்ளை பெற்ற மனசு

வேலூர் நகரை ஒட்டிய கணியம்பாடி வட்டாரத்தில் யார் கர்ப்பமானாலும், யாருக்குக் குழந்தை பிறந்தாலும் அது ஒரு பதிவேட்டில் ஏறிவிடும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக சுகாதாரப் பிரிவு பல பத்தாண்டுகளாக அந்தப் பதிவேட்டைப் பராமரித்துவருகிறது. ஊர் ஊராகப் போய்வரும் சுகாதாரப் பணியாளர்களுக்கு எந்தத் தெருவில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்பதுவரை தெரியும். மருத்துவ ஆராய்ச்சிக்கு இது பெரிய வரம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் ஒரு கணக்கு வரும். ஊரில் இருக்கும் எல்லோரையும் தேடிப்போய் எண்ணினால் வேறொரு கணக்கு வரும்.

இந்த வட்டாரத்தில்தான் பிரதாப் தரியன், ஜெயப்பிரகாஷ் முளியில் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருந்த 359 பெண்களைச் சந்தித்துப் பேசினார்கள். பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் அவர்களில் 301 பேரை மறுபடியும் சந்தித்தார்கள். தூக்கம், கவலை, எரிச்சல், நம்பிக்கையின்மை என்று ஒவ்வொன்றாகத் தமிழில் விசாரித்து, மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று முடிவுசெய்தார்கள். முதல் சந்திப்பில் நன்றாக இருந்து, பிள்ளை பெற்ற பிறகு புதிதாக மனச்சோர்வில் விழுந்தவர்கள் 11 சதவீதம். 2002-இல் பிரிட்டிஷ் உளமருத்துவ ஆய்விதழில் இந்த முடிவு வெளியானது.

கர்ப்ப காலத்திலேயே மனச்சோர்வில் இருந்தவர்கள் இந்தப் பதினொன்றில் சேரவில்லை. அவர்களையும் சேர்த்தால் தொகை இன்னும் கூடும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டரை லட்சம் முதல் ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. கணியம்பாடிக் கணக்கை மாநிலம் முழுவதற்கும் அப்படியே பொருத்துவது கறாரான புள்ளியியல் ஆகாது என்றாலும், பிரச்சினையின் பருமனைப் புரிந்துகொள்ள உதவும்: ஒவ்வோர் ஆண்டும் ஒரு லட்சத்தை ஒட்டிய தாய்மார்.

கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி, கை கால் வீங்கி, வலிப்புவரை கொண்டுபோகக்கூடிய முன்பேறுகால வலிப்பு நோயை எடுத்துக்கொள்வோம். உலக அளவில் அது நூறு கர்ப்பிணிகளில் மூன்று முதல் எட்டுப் பேரைத் தாக்குகிறது. அதற்காக ஒவ்வொரு முறை செக்கப்புக்கு வரும்போதும் கையில் பட்டை கட்டி பிரஷர் பார்க்கிறோம், சிறுநீரைச் சோதிக்கிறோம், அட்டையில் எழுதுகிறோம். செய்ய வேண்டியதுதான். அதைவிட அதிகமான பெண்களைத் தாக்கும் மனச்சோர்வுக்கு அந்த அட்டையில் ஒரு கட்டம்கூட இல்லாதிருப்பதை எப்படிச் சரியென்று சொல்வது?

உலகக் கணக்குகளைப் புரட்டினால் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. 1968-இல் லண்டனில் பிரைஸ் பிட் என்ற மருத்துவர் 305 தாய்மாரைப் பின்தொடர்ந்து, 10.8 சதவீதம் என்றார். அதற்கு முன்பெல்லாம் பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய் என்றால் புத்தி பேதலித்து மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களைத்தான் மருத்துவம் கணக்கில் கொண்டது. வீட்டில் இருந்துகொண்டே, சமைத்துக்கொண்டே, பால் கொடுத்துக்கொண்டே உள்ளுக்குள் வாடிக்கொண்டிருந்தவர்களை முதன்முதலாக முறையாக எண்ணியவர்களில் பிட் ஒருவர். 1996-இல் 59 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது சராசரி 13 சதவீதம் வந்தது. வளரும் நாடுகளில் பிரசவத்துக்குப் பிறகு ஏறக்குறைய 20 சதவீதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த இருபதாயிரம் பெண்களையும் சேர்த்து 2017-இல் போட்ட கணக்கு 22 சதவீதம். அதிலும் தென்மாநிலங்களின் சராசரி 26.

அப்படியென்றால் கணியம்பாடியின் பதினொன்று சரியா, இருபத்தாறு சரியா? இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். புதிதாக விழுந்தவர்களை மட்டும் எண்ணுவது ஒன்று, அந்த நாளில் நோயோடு இருக்கும் எல்லோரையும் எண்ணுவது இன்னொன்று. ஒருவர் எதிரே உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசி முடிவுசெய்தால் எண் குறையும். ஒரு தாளில் கேள்விகளைக் கொடுத்து மதிப்பெண் போட்டால் எண் கூடும். ஏனென்றால் அந்தத் தாள் நோயை உறுதிசெய்வதில்லை, சந்தேகத்துக்குரியவர்களைப் பிரித்துக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் எண்ணினால் சிக்கலான பிரசவங்களே அதிகம் இருக்கும். பிரசவமான முதல் வாரத்தில் எண்ணினால் வேறொரு சங்கதி உள்ளே நுழைந்துவிடும்.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் பெரும்பாலான தாய்மாருக்குக் காரணமில்லாமல் அழுகை பொங்கும். பார்க்க வந்த சித்தி சாதாரணமாக ஏதோ சொல்லியிருப்பார், கண் நிறைந்துவிடும். அடுத்த நிமிடம் சிரிப்பு வரும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வரும் இந்த அலைபாய்தல் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். தூக்கமும் ஆறுதலும் போதும், மருந்து வேண்டாம். அந்த நாட்களில் போய்க் கேள்வித் தாளை நீட்டினால் ஊரில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு என்றுதான் விடை வரும்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள், திடீரென்று வரும். இரவெல்லாம் தூங்காமல் பேசிக்கொண்டே இருப்பது, குழந்தை தன்னுடையதில்லை என்பது, காதில் குரல் கேட்கிறது என்பது, யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று சோற்றைத் தள்ளிவிடுவது எல்லாம் அதன் குறிகள். நம் ஊர்களில் இதைப் பிரசவ ஜன்னி என்பார்கள், தீட்டு நேரத்தில் காற்றுக் கருப்பு பட்டுவிட்டது என்பார்கள். வேப்பிலை அடிக்க அழைத்துப் போவதும் உண்டு. அந்த இரண்டு மூன்று நாள் தாமதம் தாயின் உயிருக்கோ பிள்ளையின் உயிருக்கோ ஆபத்தாக முடியலாம். ரத்தப்போக்குக்கு எப்படி ஓடுவோமோ அப்படி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை இது. உரிய சிகிச்சை கிடைத்தால் மிகப் பெரும்பாலோர் முழுமையாகக் குணமாகிறார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் தாயையும் கைக்குழந்தையையும் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்து வைத்தியம் பார்க்கும் பிரிவு 2009 முதல் இயங்கிவருகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில், ஆர்ப்பாட்டம் இல்லாமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிப்பதுதான் மனச்சோர்வு. எதிலும் பிடிப்பு இருக்காது. குழந்தை உறங்கினாலும் இவளுக்கு உறக்கம் வராது. ‘நான் ஒரு நல்ல அம்மா இல்லை’ என்ற எண்ணம் அரித்துக்கொண்டே இருக்கும். பிள்ளையைத் தூக்கினால் உள்ளே எந்த உணர்ச்சியும் எழாது, எழவில்லையே என்ற குற்றவுணர்ச்சி மட்டும் எழும். சிலருக்குச் சோகத்தைவிடப் பயம்தான் மேலோங்கும்: குழந்தை மூச்சு விடுகிறதா என்று இரவு முழுக்க மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. மனச்சோர்வை அளக்கும் வழக்கமான கேள்வித் தாள்கள் களைப்பு உண்டா, தூக்கம் கெடுகிறதா, பசி குறைந்ததா, எடை மாறியதா என்று கேட்கும். ஒன்றரை மாதக் குழந்தையை வைத்திருக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பாள். அவளுக்கு நோய் ஒன்றும் இருக்காது. இரவில் நான்கு முறை எழுந்து பால் கொடுத்த அலுப்பு மட்டுமே இருக்கும். உகாண்டாவில் பணியாற்றி, அங்கே கர்ப்பிணிகளின் மனநிலையை ஆராய்ந்து, பிறகு ஸ்காட்லாந்துக்கு வந்த ஜான் காக்ஸ் என்ற உளமருத்துவர் இந்தச் சிக்கலைக் கவனித்தார். அவரும் ஜெனி ஹோல்டன், ரூத் சகாவ்ஸ்கி ஆகியோரும் சேர்ந்து 1987-இல் வெளியிட்டதுதான் எடின்பரோ அளவுகோல்.

அதில் பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாட்களை மட்டும் மனத்தில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். வேடிக்கையான ஒன்றைப் பார்த்தால் சிரிப்பு வருகிறதா? நாளையை ஆவலோடு எதிர்பார்க்க முடிகிறதா? தப்பு நடந்தால் காரணமில்லாமல் தன்னைத்தானே நொந்துகொள்கிறாளா? கவலை, பயம், மலைப்பு, அழுகை ஆகியவற்றைப் பற்றிக் கேட்கிறார்கள். களைப்பைப் பற்றிக் கேள்வியே இல்லை. தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி உண்டு, ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள்: தூக்கம் கெடுகிறதா என்று கேட்காமல், மனம் அவ்வளவு வருந்துவதால் தூங்க முடியாமல் போகிறதா என்று கேட்கிறது. குழந்தை எழுப்பிவிட்ட தூக்கத்தையும் துக்கம் விரட்டிவிட்ட தூக்கத்தையும் இந்த ஒரு வாக்கியம் பிரித்துவிடுகிறது. கடைசியாகப் பத்தாவது கேள்வி, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளலாமா என்ற எண்ணம் வந்ததா என்பது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், இந்த ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தால் அன்றைக்கே கவனிக்க வேண்டும்.

ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யம் முதல் மூன்றுவரை மதிப்பெண். முப்பதுக்குப் பதின்மூன்றும் அதற்கு மேலும் வாங்கினால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது ஆங்கில வடிவத்துக்குப் போட்ட எல்லைக்கோடு. தமிழ் வடிவத்தை வேலூரில் சோதித்தவர்கள் அதைவிடத் தாழ்ந்த எல்லையே நம் பெண்களுக்குப் பொருந்தும் என்று கண்டார்கள். ஆக, தமிழில் சோதித்துச் சரிபார்த்த கருவி இருபது ஆண்டுகளாக நம் கையில் இருக்கிறது. செலவு ஒரு தாளும் ஐந்து நிமிடமும்தான்.

இனி, ஏன் வருகிறது என்ற கேள்வி. முதலில் எல்லோரும் கைகாட்டுவது ஹார்மோன்களை. அதில் நியாயம் இருக்கிறது. கர்ப்ப காலம் முழுக்க ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் ஏறிக்கொண்டே போகின்றன. அவற்றைப் பெருமளவு சுரப்பது நஞ்சுக்கொடி. குழந்தைக்குப் பின்னால் நஞ்சு விழுந்ததும் ஊற்று நின்றுவிடுகிறது. ஒன்றிரண்டு நாட்களில் இரண்டும் தரைமட்டத்துக்கு இறங்கிவிடுகின்றன. மனித உடலில் வேறெந்தக் கட்டத்திலும் இவ்வளவு வேகமான ஹார்மோன் சரிவு இயற்கையாக நடப்பதில்லை. புரோஜெஸ்டிரோனிலிருந்து உருவாகும் அலோபிரெக்னனோலோன் என்ற பொருள் மூளையில் காபா எனப்படும் அமைதிப்படுத்தும் அமைப்போடு சேர்ந்து வேலை செய்கிறது. அதன் அளவும் கூடவே சரிகிறது.

ஆனால் சரிவு எல்லாத் தாய்மாருக்கும் ஏற்படுகிறது. நோய் சிலருக்குத்தான் வருகிறது. இந்தப் புதிரை அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஓர் அழகான பரிசோதனையால் அணுகினார்கள். கர்ப்பமாக இல்லாத, அப்போது மனநலத்தோடு இருந்த பதினாறு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் எட்டுப் பேருக்கு முந்தைய பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்திருந்தது. மற்ற எட்டுப் பேருக்கு வந்ததில்லை. பதினாறு பேருக்கும் மருந்தால் சொந்த ஹார்மோன் சுரப்பை நிறுத்திவிட்டு, கர்ப்ப காலத்தைப் போல ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் எட்டு வாரம் உயர்த்திக் கொடுத்தார்கள். பிறகு அவர்களுக்குத் தெரியாமலே இரண்டையும் நிறுத்தினார்கள். பிரசவம் இல்லை, குழந்தை இல்லை, இரவு விழிப்பு இல்லை. ஹார்மோன் சரிவு மட்டும். முன்பு நோய் கண்ட எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு மனநிலை சரிந்தது. நோய் காணாத எட்டுப் பேரில் ஒருவருக்குக்கூட அப்படி ஆகவில்லை. 2000-இல் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான், ஆனால் சொல்லவந்ததைத் தெளிவாகச் சொன்னது: எல்லோருக்கும் ஒரே சரிவு, ஆனால் சில மூளைகள் அதைத் தாங்குவதில்லை. இந்தப் பாதையில் போய்த்தான் அலோபிரெக்னனோலோனையே மருந்தாக்கி, அறுபது மணி நேரம் நரம்பு வழியாக ஏற்றும் முறைக்கு 2019-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 2023-இல் அதே வகையில் பதினான்கு நாள் விழுங்கும் மாத்திரையும் வந்தது. விலையில் இவை நம் ஊர்த் தாய்மாருக்கு எட்டியதே இல்லை.

இங்கே கணியம்பாடிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. யாருக்கு மனச்சோர்வு வந்தது, யாருக்கு வரவில்லை என்று அந்த ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது கிடைத்த காரணங்கள் இவை: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருந்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதது, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், வேலைக்குக் கைகொடுக்க ஆள் இல்லாதது. அதே 2002-இல் கோவாவில் விக்ரம் பட்டேலும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் 23 சதவீதத் தாய்மாருக்கு நோய் இருந்தது. வறுமையும் கணவனின் அடிஉதையும் காரணங்களில் முன்னால் நின்றன. பிறந்தது பெண் என்றால் அந்தக் காரணங்களின் தாக்கம் கூடியது. பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆறு மாதம் கழித்தும் தேறவில்லை.

ஹார்மோன்களுக்கு ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற கணக்கெல்லாம் கிடையாது. எது பிறந்தாலும் நஞ்சு விழுந்ததும் அதே சரிவுதான். அப்படியிருக்கப் பெண் பிறந்த தாய்க்கு நோய் கூடுகிறது என்றால், அந்தக் கூடுதல் பங்கு அவள் உடம்புக்குள்ளிருந்து வந்திருக்க முடியாது. பிரசவ வார்டு வாசலில் நின்ற முகங்களிலிருந்து வந்தது. ‘பொண்ணா?’ என்று கேட்டுவிட்டு அமைதியான மாமனாரிடமிருந்து, மூன்று நாள் கழித்து எட்டிப்பார்த்த கணவனிடமிருந்து, ‘அடுத்தது பையனாப் பொறக்கும் விடு’ என்று ஆறுதல் சொன்ன அத்தையிடமிருந்து வந்தது. பிள்ளை பெற்றவளுக்கு வரும் மனநோயில் ஒரு பகுதியை நாம் வீட்டில் தயாரிக்கிறோம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சோதனைக்கூடமும் நிரூபித்துவிட முடியாது.

பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் நம் வழக்கம் இதற்கு மருந்தாகாதா என்று கேட்கலாம். ஓரளவுக்கு ஆகும். பச்சை உடம்புக்காரி என்று சொல்லிப் பாத்திரம் தேய்க்க விடாமல், பூண்டுக் குழம்பும் கருவாடும் ஆக்கிப் போட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டித் தூங்கவைக்க ஒரு பாட்டி இருந்தால், ஆய்வு சொல்லும் ‘கைகொடுக்க ஆள்’ அங்கே கிடைத்துவிட்டது. ஆனால் பெற்றோரோடு உறவு கசந்திருப்பதும் அதே ஆய்வில் காரணமாகத்தான் வந்திருக்கிறது. மருமகனுக்குச் செய்ய வேண்டிய சீர் பாக்கியைப் பேசிக்கொண்டே சோறு போடும் தாய்வீடும் உண்டு. காதல் கல்யாணம் செய்துகொண்டு, போக வீடில்லாமல் இருப்பவர்களும் உண்டு. நாற்பது நாள் அறைக்குள் அடைத்து, இதைச் சாப்பிடாதே, தலைக்குக் குளிக்காதே, போனைப் பார்க்காதே என்று காவல் காப்பதைச் சிலர் பராமரிப்பு என்று நினைக்கிறார்கள். வழக்கம் எந்த அளவுக்கு ஓய்வும் அன்பும் தருகிறதோ அந்த அளவுக்குத்தான் அது காக்கும்.

எப்போது தொடங்குகிறது என்பதிலும் நம் கணிப்பு பெரும்பாலும் பிசகுகிறது. அமெரிக்காவில் கேத்ரின் விஸ்னர் குழு பிரசவமான பத்தாயிரம் பெண்களிடம் எடின்பரோ தாளைக் கொடுத்து, சந்தேகத்துக்குரியவர்களாகத் தேறிய 14 சதவீதத்தினரை விசாரித்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டது. அவர்களில் 40 சதவீதம் பேருக்குத்தான் பிரசவத்துக்குப் பிறகு நோய் தொடங்கியிருந்தது. மூன்றில் ஒரு பங்கினருக்குக் கர்ப்ப காலத்திலேயே தொடங்கிவிட்டது. மீதிப் பேருக்கு அதற்கும் முன்னால். கோவாவிலும் நோய்கண்ட தாய்மாரில் பெரும்பாலோர் கர்ப்பத்திலேயே மனத்தொல்லையோடு இருந்தவர்கள். வளைகாப்பில் கை நிறைய வளையலும் முகத்தில் சந்தனமுமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணிடமே இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடலாம், கேட்க வேண்டும்.

கோவாவில் இன்னொரு குழு தாய்மாரை நிதானமாகப் பேசவிட்டுக் கேட்டது. நம் பெண்கள் மனவேதனையை உடல்வலியாக மட்டுமே சொல்வார்கள் என்றொரு நம்பிக்கை மருத்துவர்களிடையே உண்டு. அப்படி இல்லை என்பது அங்கே தெரிந்தது. சோகத்தையும் நம்பிக்கை இழப்பையும் அவர்கள் நன்றாகவே சொன்னார்கள். ஆனால் அதை ஒரு நோயாக நினைக்கவில்லை. புருஷன் சரியில்லை, பணம் இல்லை, நம் தலையெழுத்து என்று எடுத்துக்கொண்டார்கள். நோயில்லாததற்கு யாரும் மருத்துவரிடம் போவதில்லையே. சொல்லத் தெரியாததால் அவர்கள் சொல்லாமல் இல்லை. யாரும் கேட்கவில்லை.

குழந்தையைப் பற்றியும் பேசியாக வேண்டும், மிகுந்த கவனத்தோடு. 1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் செய்த பரிசோதனையில், தாய் முதலில் தன் கைக்குழந்தையோடு சிரித்துப் பேசி விளையாடுவாள். பிறகு சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் குழந்தையைப் பார்த்தபடி இருப்பாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சுருங்கிவிடும், அல்லது வீறிட்டு அழும். மூன்று நான்கு மாதக் குழந்தை தாயின் முகத்தை எவ்வளவு நுட்பமாக வாசிக்கிறது என்பதற்கு அது சாட்சி. கோவா ஆய்வில் மனச்சோர்வுற்ற தாய்மாரின் குழந்தைகள் ஆறாம் மாதத்தில் எடையிலும் உயரத்திலும் பின்தங்கியிருந்தார்கள். கணியம்பாடியில் 2004-இல் வெளியான இன்னொரு ஆய்வும் தாயின் மனச்சோர்வைக் குழந்தையின் ஊட்டக்குறைவோடு சேர்த்துக் காட்டியது. சத்துமாவு கொடுத்தும் எடை ஏறாத குழந்தையைத் தராசில் வைத்துவிட்டுத் தாயைக் கடிந்துகொள்ளும் முன், அந்தத் தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்பது மருத்துவமாகவும் இருக்கும், மனிதத்தன்மையாகவும் இருக்கும். நோய் அவளுடைய குற்றம் கிடையாது. அவள் தேறினால் பிள்ளையும் தேறும். தகப்பன்மாரில் பத்தில் ஒருவருக்கும் இந்தக் காலத்தில் மனச்சோர்வு வருகிறது என்பது 2010-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின் முடிவு. அதைப் பற்றி நாம் இன்னும் பேசத் தொடங்கவே இல்லை.

உயிரிழப்பைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. பிரிட்டனில் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தனித்தனியே விசாரித்துப் பதிவுசெய்கிறார்கள். பிரசவமாகி ஆறு வாரத்துக்குப் பிறகு, ஓராண்டு முடிவதற்குள் நேரும் மரணங்களில், பேறுகாலத்தோடு நேரடியாகத் தொடர்புடைய காரணங்களில் முதலிடத்தில் அங்கே இருப்பது தற்கொலை. ஆனால் பேறுகால மரணம் என்று உலகம் முழுக்கக் கணக்கெடுப்பது பிரசவமான 42 நாள்வரை நேரும் மரணங்களை மட்டும். நாற்பத்து மூன்றாம் நாள் ஒரு தாய் இறந்தால் மாநிலத்தின் மரண விகிதத்தில் அவள் வர மாட்டாள். தமிழ்நாடு அந்த விகிதத்தைக் குறைத்ததில் நியாயமாகவே பெருமை கொள்கிறது. அந்தப் பெருமைக்கு வெளியே நிற்கும் மரணங்களையும் யாராவது எண்ண வேண்டும்.

வைத்தியம் இருக்கிறது, அது வேலை செய்கிறது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், தாய்ப்பால் கொடுப்பவளுக்கு மாத்திரை கூடாது என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகச் சொற்ப அளவே கலக்கின்றன. மருத்துவர் மேற்பார்வையில் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டு சுரப்பி வீங்கிச் சோர்வும் மந்தமும் வரும். ரத்தசோகையும் மனத்தைக் கீழே இழுக்கும். ஆகவே ஒரு ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

மருந்து தேவைப்படாத அளவில் இருப்பவர்களே அதிகம். அவர்களுக்குப் பேச்சு வைத்தியம். அதற்கு மனநல நிபுணர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் பதில் கிடைத்தது. ஆத்திஃப் ரஹ்மான் என்ற உளமருத்துவர், ஏற்கெனவே வீடு வீடாகப் போய்வந்துகொண்டிருந்த அரசுப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒரு சிறிய பயிற்சி கொடுத்தார். தாயின் எண்ண ஓட்டத்தில் வேரோடிய தப்பு முடிவுகளைப் படங்களைக் காட்டி மெல்ல மாற்றிக் கொடுப்பது அதன் சாரம். வீட்டாரிடம் மனநோய் என்று பேச்சை எடுத்தால் கதவு சாத்தப்படும். எனவே குழந்தை நன்றாக வளர வேண்டுமானால் அம்மா நன்றாக இருக்க வேண்டும் என்று தொடங்கினார்கள். அதற்கு எந்த மாமியார் மறுப்புச் சொல்வார்? பாதிக்கப்பட்ட 903 தாய்மாரை வைத்து நடந்த இந்த ஆய்வின் முடிவு 2008-இல் வந்தது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, பயிற்சி பெற்ற பணியாளர் போன வீடுகளில் 23 சதவீதத் தாய்மாருக்கு மட்டுமே நோய் நீடித்தது. சாதாரண வருகை மட்டும் நடந்த பகுதிகளில் 53 சதவீதம். கோவாவில் இதே முறையை அக்கம்பக்கத்துப் பெண்களைக் கொண்டு செய்து பார்த்தார்கள். பலன் அவ்வளவு பெரிதாக இல்லை, ஆனால் இருந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு வேண்டிய எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தே தீருகிறாள். மனச்சோர்வு வெளிப்படும் காலமும் அதுவே. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து போகச் சொல்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். கிராம சுகாதார செவிலியருக்கு ஏற்கெனவே பதிவேடுகளும் ஆன்லைன் பதிவுகளும் கழுத்துவரை இருக்கின்றன என்பது உண்மை. எதையாவது குறைத்துவிட்டுத்தான் இதைச் சேர்க்க வேண்டும்.

சேர்க்கும்போது இரண்டு விஷயங்களை விட்டுவிடக் கூடாது. பக்கத்தில் மாமியாரோ கணவனோ நிற்க, இந்தக் கேள்விகளுக்கு எந்தப் பெண்ணும் உண்மையைச் சொல்ல மாட்டாள். பிள்ளையைப் பாட்டி கையில் கொடுத்து வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டும். இரண்டாவது, பத்தாவது கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் அடுத்து யாரைக் கூப்பிடுவது என்பது அந்தச் செவிலியருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரின் நேரடி எண், அவர் அன்றே பார்ப்பார் என்ற உறுதி, இரவு என்றால் 14416 என்ற டெலி மானஸ் இலவச மனநல உதவி எண், தாயைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ள வீட்டில் நம்பகமான ஒருவர். இந்த ஏற்பாடெல்லாம் இல்லாமல் தாளை மட்டும் அச்சடித்து அனுப்பினால், செவிலியர் முதல் மாதம் கேட்பார். ஒருத்தி அழுதுகொண்டே ஆமாம் என்று சொல்லி, தன்னால் ஒன்றும் செய்ய முடியாமல் போன பிறகு, அந்தப் பத்தாவது கேள்வியைக் கேட்காமலே பூஜ்யம் போட ஆரம்பித்துவிடுவார்.